க்விக் என்றால் வேகம் இல்லை: சில ஆங்கிலச் சொற்களின் முன்கதை

1879 ஜூலை. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம். கேட் வெப்ஸ்டர் என்ற வீட்டு வேலைக்காரப் பெண் தன் எஜமானியைக் கொன்ற வழக்கில் கூண்டில் நிற்கிறாள். குற்றவாளி என்று ஜூரி சொல்லியாகிவிட்டது. தூக்குத் தண்டனை விதிப்பதற்கு முன் சம்பிரதாயமாக ஒரு கேள்வி கேட்பார்கள்: ஏன் தண்டனை கொடுக்கக்கூடாது என்பதற்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா? நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்றாள் அவள்.

உடனே 12 பெண்களைக் கொண்ட தனி ஜூரி ஒன்றை அமைத்தார்கள். உதவிக்கு ஒரு மருத்துவர். அவர்களிடம் கேட்கப்பட்டது இவள் கர்ப்பமா என்றுகூட இல்லை. இவள் 'க்விக் வித் சைல்ட்' நிலையில் இருக்கிறாளா என்பதுதான் கேள்வி. இல்லை என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். ஜூலை 29ஆம் தேதி வான்ட்ஸ்வொர்த் சிறையில் அவளைத் தூக்கிலிட்டார்கள்.

(கிளைக்கதை ஒன்று. கொலையுண்ட பெண்மணியின் தலை மட்டும் அப்போது கிடைக்கவே இல்லை. 2010இல், இயற்கை ஆவணப்படங்கள் எடுக்கும் டேவிட் அட்டன்பரோவின் வீட்டுக்குத் தோட்டம் விரிவாக்க மண் தோண்டியபோது ஒரு மண்டை ஓடு வந்தது. அது அவருடையதுதான் என்று 2011இல் முடிவானது. நம் விஷயத்துக்கு இது தேவையில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

ஆங்கிலத்தில் வேகத்தையும் திடீர் மாற்றத்தையும் சொல்லும் பெயரடைகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். க்விக், ஃபாஸ்ட், ஸ்விஃப்ட், ரேபிட், சடன், டிராஸ்டிக் என்று போகும் பட்டியல். தொழில் மென்பொருள். ஆபீஸில் தினமும் இந்தச் சொற்களுக்கு நடுவில்தான் வாழ்க்கை ஓடுகிறது, அதனால் வந்த ஆர்வம். சேர்க்கச் சேர்க்க ஒன்று புலப்பட்டது. இவற்றில் பல பிறக்கும்போது வேகத்தைக் குறிக்கவே இல்லை. வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்த சொற்களை இழுத்து வந்து வேகத்துக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். சிலது தேய்ந்துபோக, அடுத்ததை இழுத்து வந்திருக்கிறார்கள்.

க்விக்கை எடுத்துக்கொள்வோம். கேட் வெப்ஸ்டர் வழக்கில் அதற்கு வேகம் என்று அர்த்தம் வைத்துப் பாருங்கள், ஒன்றும் புரியாது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'உயிருள்ள' என்று பொருள். வயிற்றில் குழந்தை முதன்முதலாக அசைவதைத் தாய் உணரும் தருணத்துக்குக் 'க்விக்கனிங்' என்று பெயர். உயிர்ப்பு. ஏறக்குறைய நாலாவது, ஐந்தாவது மாதம். அந்த அசைவுக்குப் பிறகுதான் வயிற்றில் தனி உயிர் ஒன்று இருக்கிறது என்று ஆங்கிலேயப் பொதுச் சட்டம் கணக்கு வைத்திருந்தது.

18ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் எழுதிய சட்ட விளக்க நூலில் இந்த நடைமுறை விளக்கமாக இருக்கிறது. மரண தண்டனை பெற்ற பெண் கர்ப்பம் என்று முறையிட்டால் பெண்கள் ஜூரி பரிசோதிக்க வேண்டும். வெறும் கர்ப்பம் போதாது. வயிற்றில் உயிர் அசைந்திருக்க வேண்டும். அப்படியானால் பிரசவம் வரை தண்டனை தள்ளிப்போகும். அதுவும் ஒரு தடவைதான். சிறையில் மறுபடி கர்ப்பமானால் இரண்டாவது தடவை சலுகை கிடையாது.

இந்தச் சொல் சிலரைக் காப்பாற்றியும் இருக்கிறது. 1720 நவம்பரில் ஜமைக்காவில் ஜாக் ரேக்கம் என்ற கடற்கொள்ளையனையும் அவன் கூட்டத்தையும் பிடித்து விசாரித்தார்கள். ரேக்கமை 18ஆம் தேதியே தூக்கில் போட்டாகிவிட்டது. பத்து நாள் கழித்து அதே கூட்டத்தில் இருந்த இரண்டு பெண்கள், ஆன் பானி, மேரி ரீட் இருவருக்கும் விசாரணை. தீர்ப்பு மரண தண்டனை. தீர்ப்புக்குப் பிறகு இருவரும் தாங்கள் 'க்விக் வித் சைல்ட்' என்று முறையிட்டார்கள். தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. மேரி ரீட் அடுத்த வருஷம் சிறையிலேயே இறந்துபோனாள். ஆன் பானியைத் தூக்கிலிட்டதாகப் பதிவே இல்லை.

இங்கிலாந்தின் 1803ஆம் வருஷக் கருக்கலைப்புச் சட்டமும் இதே கோட்டைத்தான் போட்டது. உயிர்ப்புக்குப் பின் மருந்து கொடுத்துக் கலைத்தால் மரண தண்டனை. அதற்கு முன்பென்றால் நாடுகடத்தல் வரைக்கும். ஒரு பெண் வயிற்றுக்குள் ஒரு துடிப்பை உணர்ந்தாளா இல்லையா என்பது இன்னொருவரின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருந்த தூரம். 1837இல் இங்கிலாந்து இந்தப் பாகுபாட்டைக் கைவிட்டது. ஆனால் 1860இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில் அது பத்திரமாக உட்கார்ந்திருந்தது. 312ஆம் பிரிவு: கருவைக் கலைத்தால் மூன்று வருஷம் வரை சிறை, அந்தப் பெண் 'க்விக் வித் சைல்ட்' என்றால் ஏழு வருஷம் வரை. ஆங்கிலேயர் போய், சட்டத்தின் பெயரையே மாற்றி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்துவிட்டது. அதன் 88ஆம் பிரிவைப் பாருங்கள். அதே க்விக், அதே ஏழு வருஷம். நடைமுறையில் கருக்கலைப்பை இன்று ஆள்வது 1971இன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். அதில் அசைவு பற்றிப் பேச்சில்லை, வாரக் கணக்குதான்: 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம், குறிப்பிட்ட சிலருக்கு 24 வாரம். உடம்பு சொன்னதைக் கேட்டு முடிவு செய்வது போய் நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்வது வந்திருக்கிறது. இதே இடமாற்றம் வேகச் சொற்களிலும் நடந்தது, அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

க்விக்கின் பழைய பொருள் இன்னும் பல மூலைகளில் ஒளிந்திருக்கிறது. பாதரசத்துக்கு ஆங்கிலத்தில் 'க்விக்சில்வர்', உயிருள்ள வெள்ளி. தரையில் சிந்தினால் உருண்டு ஓடும் அதைப் பார்த்தவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும் நீற்றாத சுண்ணாம்பு 'க்விக்லைம்'. ஆளை விழுங்கும் புதைமணல் 'க்விக்சாண்ட்'. நகத்துக்கு அடியில் இருக்கும், தொட்டால் உயிர் போகும் அந்த இளஞ்சதைக்குப் பெயரே 'க்விக்'தான். கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணத்தின் பழைய ஆங்கில வடிவத்தில் இயேசு நியாயந்தீர்க்க வருவது 'க்விக்'கையும் இறந்தவர்களையும். இன்றைய ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியிருக்கிறது. தமிழ்ச் சபைகளில் 'உயிருள்ளோர்' என்று நேராகவே சொல்லிவிடுவதால் நமக்குக் குழப்பம் இல்லை.

உயிருள்ளது எப்படி வேகமானது ஆயிற்று? உயிருள்ளது அசையும், நன்றாக உயிருள்ளது துள்ளும், துள்ளுவது ஓடும். நம்மிடமும் இந்தப் பாதை உண்டு. துடிப்பு என்றால் நாடித்துடிப்பு, இதயத்துடிப்பு. 'பையன் நல்ல துடிப்பானவன்' என்றால் சுறுசுறுப்பானவன். அதேதான்.

சொல்லின் வேரும் சுவாரசியமானது. க்விக், லத்தீனின் 'விவுஸ்', கிரேக்கத்தின் 'பியோஸ்' (பயாலஜியில் இருப்பது), சமஸ்கிருதத்தின் 'ஜீவ', நாலும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. நாம் 'ஜீவன் போகுது' என்று சொல்லும் ஜீவன் சமஸ்கிருதத்திலிருந்து வாங்கியது, ஆகவே அதுவும் க்விக்கும் தூரத்துச் சொந்தம். நம் சொந்தச் சொல் உயிர். இதை எழுதியவுடன் 'பார்த்தீர்களா, ஆங்கிலமே தமிழிலிருந்துதான் வந்தது' என்று யாராவது ஃபார்வர்டு பண்ணுவார்கள். தயவுசெய்து வேண்டாம். தமிழ் வேறு குடும்பம். அதன் பெருமைக்கு இந்தக் கடன் தேவையில்லை.

அடுத்து ஃபாஸ்ட். இது இன்னும் வேடிக்கை. இதன் மூலப் பொருள் வேகத்துக்கு நேர் எதிர்: அசையாத, இறுக்கமான, உறுதியான. ஜெர்மன் மொழியில் 'ஃபெஸ்ட்' இன்றும் அதே பொருளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் சீட் பெல்ட்டை 'ஃபாஸன்' செய்வது, கப்பலைக் கயிறு கட்டி 'ஃபாஸ்ட்' ஆக்குவது, 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்று அசையாமல் தூங்குவது எல்லாம் அந்தப் பழைய பொருள். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி, சாயப்பட்டறை வேலை தெரிந்தவர்களுக்குக் 'கலர் ஃபாஸ்ட்னஸ்' டெஸ்ட் தெரியும். துணியைத் துவைத்தும் தேய்த்தும் சாயம் போகிறதா என்று பார்ப்பது. சாயம் ஓடாமல் இருப்பதற்குப் பெயர் ஃபாஸ்ட்! உண்ணாவிரதத்துக்கும் அதே சொல். விரதத்தை இறுகப் பிடித்துக்கொள்வது. அதை முறிப்பது பிரேக்ஃபாஸ்ட்.

இறுக்கம் எப்படி ஓட்டமாக மாறியது? முதலில் மாறியது பெயரடை இல்லை, வினையடை. இறுகப் பிடி என்பதிலிருந்து பலமாக அடி, பலமாகச் சண்டை போடு. அங்கிருந்து பலமாக ஓடு. பலமாக ஓடுபவன் வேகமாகத்தானே ஓடுகிறான்? இன்னொரு வழியும் சேர்ந்துகொண்டது. ஒருவனை ஒட்டி, இறுக்கமாகப் பின்தொடர வேண்டுமானால் அவன் வேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். இப்படி வினையடையில் வேகம் புகுந்தது, அதன் பிறகு வெகுகாலம் கழித்து, 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான், 'ஃபாஸ்டான குதிரை' என்று பெயரடையாகச் சொல்லும் வழக்கம் வந்தது. பழைய பொருள் செத்துப்போகவும் இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் குடித்தனம் நடத்துகின்றன.

தமிழுக்கு இது புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொல்காப்பியத்தின் உரியியலில் 'கடி' என்ற உரிச்சொல்லுக்குப் பட்டியலிட்டிருக்கும் பொருள்களில் காப்பும் உண்டு, விரைவும் உண்டு. இறுக்கிக் காப்பது ஒரு பக்கம், ஓடுவது இன்னொரு பக்கம்.

ஸ்பீட் என்ற பெயர்ச்சொல்லையும் ஒரு வரியில் தொட்டுவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வெற்றி, செழிப்பு என்று பொருள். பயணம் கிளம்புபவரிடம் 'காட்ஸ்பீட்' என்பது வேகமாகப் போ என்ற வாழ்த்து அல்ல, கடவுள் அருளால் காரியம் நன்றாக முடியட்டும் என்பது. அவசரம் கூடினால் ஸ்பீட் குறையும் என்ற ஆங்கிலப் பழமொழியையும் இப்படிப் படித்தால்தான் சரியாக விளங்கும்: அவசரப்பட்டால் காரியம் கெடும். ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் டீமின் 'வெலாசிட்டி'யை எக்ஸலில் போட்டுக் காட்டச் சொல்லும் மேனேஜர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

இதுவரை சொன்னவை வேகத்துக்குள் நுழைந்த சொற்கள். இனி வேகத்திலிருந்து வெளியேறியவை. எனக்கு இந்தப் பகுதிதான் அதிகம் பிடித்தது.

'சூன்' என்றால் இன்று 'சீக்கிரத்தில்', 'கொஞ்ச நேரத்தில்'. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'இந்தக் கணமே' என்று பொருள். அது தேய்ந்து 'கொஞ்ச நேரத்தில்' ஆனபோது, இந்தக் கணமே என்று சொல்ல 'அனான்' இருந்தது. அதுவும் தேய்ந்தது. 'பிரசென்ட்லி' வந்தது, தேய்ந்தது. 'பை அண்ட் பை' வந்தது, அது தேய்ந்து 'என்றைக்கோ ஒருநாள்' என்ற அளவுக்குப் போய்விட்டது. 1611இன் கிங் ஜேம்ஸ் பைபிளில் ஏரோதியாளின் மகள் யோவான் ஸ்நானகனின் தலையைத் தட்டில் வைத்துத் தரும்படி கேட்கும் இடத்தில் 'பை அண்ட் பை' என்றுதான் இருக்கிறது. இப்போதே கொடு என்று அர்த்தம். இன்றைய ஆங்கில வாசகனுக்கு அது 'தலை வேணும், அவசரமில்லை, மெதுவா கொடுத்தனுப்புங்க' என்பது போலக் கேட்கும்.

தேய்வது ஏன் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. வருகிறேன் என்று சொல்பவன் உடனே வருவதில்லை. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதல் பாகத்தில் பிரான்சிஸ் என்று ஒரு மதுக்கடைப் பையன் வருவான். உள்ளேயிருந்து ஒருவன் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான், இங்கே இளவரசன் வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைப்பான். பையன் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் 'அனான்' என்று பதில் குரல் கொடுப்பான், நின்ற இடத்தை விட்டு நகர மாட்டான். இந்தக் கணமே என்ற பொருளோடு பிறந்த சொல் சர்வர்களின் வாயில் எப்படிக் கரைந்தது என்பதை அந்த ஒரு காட்சியே காட்டிவிடுகிறது. நம்மூர் ஹோட்டலில் 'இதோ வந்துட்டேன் சார்' என்று இறந்தகாலத்திலேயே உறுதி கொடுப்பார்கள். சாம்பார் வர பத்து நிமிஷம் ஆகும். வீட்டிலிருந்து கிளம்பாமலே 'கிளம்பிட்டேன்' என்று போனில் சொல்வதும் இந்த வகைதான். எங்கள் தொழிலில் டிக்கெட்டுகளுக்கு 'அர்ஜென்ட்' போதாமல் 'கிரிட்டிக்கல்' வந்து, அதுவும் போதாமல் 'பிளாக்கர்' வந்து நிற்கிறது. எல்லா டிக்கெட்டும் பிளாக்கர் ஆனபின் என்ன செய்வார்கள் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

இந்தச் சொற்களை ஆராய்வதற்கென்றே புத்தகம் எழுதிய ஒருவர் இருக்கிறார். குஸ்தாஃப் ஸ்டெர்ன், ஸ்வீடன்காரர். 1921இல் ஸ்விஃப்ட் என்ற சொல்லையும் அதன் இணைச்சொற்களையும் பற்றி மட்டுமே ஒரு நூல் வெளியிட்டார். பழைய நூல்களை எல்லாம் சலித்து அவர் கண்டது: 1300க்கு முன் 'விரைவாக' என்ற பொருளைப் பெற்ற ஆங்கில வினையடைகள் பிறகு 'உடனே' என்ற பொருளையும் பெற்றன. 1400க்குப் பிறகு 'விரைவாக' என்ற பொருளைப் பெற்றவை 'உடனே'வுக்குப் போகவில்லை. பொருள் மாற்றத்தில் இவ்வளவு கறாரான தேதியோடு ஒரு விதி சொல்வது அபூர்வம். இன்றும் மொழியியல் புத்தகங்களில் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

காரணமும் எளிமையாகத்தான் இருக்கிறது. ராஜா அவனைப் பார்த்ததும் விரைவாகக் குதிரையேறி வந்தார் என்று ஒரு வாக்கியம். விரைவாக வந்தார் என்றால் வழியில் வேகம் என்றும் எடுக்கலாம், தாமதிக்காமல் கிளம்பினார் என்றும் எடுக்கலாம். கேட்பவர் இரண்டாவதாக எடுக்க எடுக்க, சொல் அந்தப் பக்கம் சாய்கிறது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 'கம் க்விக்லி' என்று ஒருவரைக் கூப்பிடலாம், உடனே வா என்று பொருள். க்விக் 1300க்கு முந்தைய கூட்டத்தில் சேர்ந்தது. 'கம் ரேபிட்லி' என்று யாரும் கூப்பிடுவதில்லை. அது 17ஆம் நூற்றாண்டில் வந்த சொல். தெரியாமலே 700 வருஷ விதியைக் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ரேபிட் லத்தீனிலிருந்து வந்தது. பறித்தல், கவர்ந்து இழுத்துப்போதல் என்ற வினையின் பிள்ளை. ஆற்றில் ஆளை அடித்துப்போகும் இடத்துக்கு 'ரேபிட்ஸ்' என்று பெயர் வைத்தது வேரறிந்து வைத்தது போலவே பொருந்துகிறது.

மேலே பொறுக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். உயிருள்ள, இறுக்கமான, பறித்துச் செல்லும். இவை எல்லாம் உடம்பு அறிந்த வேகங்கள். பல நூற்றாண்டுகள் மனிதன் அறிந்த உச்ச வேகம் குதிரை. 1830களில் இங்கிலாந்தின் தபால் வண்டிகள், அந்தக் காலத்தின் பெருமை, மணிக்குச் சராசரியாக 10 மைல் போயின. 1829இல் ரெயின்ஹில் போட்டியில் ஸ்டீவன்சனின் 'ராக்கெட்' மணிக்கு 30 மைலை நெருங்கியது. ஒரே தாவலில் மூன்று மடங்கு.

அடுத்த வருஷம் செப்டம்பர் 15, லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதையின் திறப்பு விழா. பிரதமர் வெலிங்டன் பிரபுவும் பயணிகளில் ஒருவர். தண்ணீர் பிடிக்க நடுவழியில் பார்க்சைடு என்ற இடத்தில் நின்றபோது, லிவர்பூல் எம்.பி. வில்லியம் ஹஸ்கிசன் கீழே இறங்கினார், வெலிங்டனோடு இருந்த மனஸ்தாபத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ள. பக்கத்துத் தண்டவாளத்தில் ராக்கெட் வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். அவர் இங்கேயா அங்கேயா என்று தடுமாறி, பெட்டியின் கதவைப் பிடித்துத் தொங்கினார். கதவு வெளிப்பக்கம் திறந்துகொண்டு அவரை எஞ்சினுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியது. கால் நசுங்கி அன்றிரவே இறந்தார். குதிரை வண்டி வருகிறது என்றால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவர் தலைமுறையின் கண்ணுக்குத் தெரியும். தண்டவாளத்தில் தன்னை நோக்கி நேராக வரும் இரும்புக்கு அந்தக் கணக்கு உதவவில்லை.

தாமஸ் டி குவின்சி 1849இல் எழுதிய தபால் வண்டிக் கட்டுரை இந்த மாற்றத்தைத்தான் புலம்புகிறது. ரயிலின் வேகத்தை நாம் உணர்வதில்லை, அட்டவணையைப் பார்த்தும் ஊர் போய்ச் சேர்ந்ததை வைத்தும் நம்புகிறோம் என்பது அவர் வாதம். குதிரையின் வேகமோ அதன் கண்ணிலும் நாசியிலும் குளம்பிலும் தெரிந்தது. கொஞ்சம் பழம்பெருமை பேசும் ஆசாமிதான், ஆனாலும் இதில் விஷயம் இருக்கிறது. க்விக் என்று வேகத்துக்குப் பெயர் வைத்தவர்களும் உயிருள்ள ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரயிலுக்குப் பின் வேகம் ஒரு எண்.

அதே கட்டுரையில் டி குவின்சி 'சடன்' என்ற பெயரடையைப் பற்றியும் யோசிக்கிறார். லத்தீன் வேரில் அது சத்தமில்லாமல் அடியில் நுழைந்து வருவது. திருட்டு நடை. திடீர் மரணம் நல்லதா கெட்டதா? ஜூலியஸ் சீசர் அதுவே சிறந்த சாவு என்றாராம். ஆங்கிலத் திருச்சபையின் பொது மன்றாட்டோ திடீர்ச் சாவிலிருந்து எங்களைக் காப்பாற்று என்று கேட்கிறது. நம் வீடுகளில் ஒருவர் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தால் 'புண்ணியவான், கொடுத்துவைத்தவர்' என்போம், சீசர் கட்சி. அந்தச் சபை மக்களுக்கோ பாவமன்னிப்புக் கேட்க நேரமில்லாமல் போவதே பெரிய பயம். பிறகு டி குவின்சி தன் அனுபவத்துக்கு வருகிறார். இரவு, தபால் வண்டி, ஓட்டுநர் தூங்கிவிட்டார், வண்டி சாலையின் தவறான பக்கத்தில் பறக்கிறது. எதிரே சின்ன வண்டியில் ஒரு இளம் ஜோடி. இவர் கத்துகிறார். கடைசி விநாடிகளில் அந்த இளைஞன் குதிரையைத் திருப்புகிறான். வண்டியில் உராய்ந்துகொண்டு தபால் வண்டி கடந்துவிடுகிறது.

ரயில் காலம் தந்த இன்னொரு சொல் எக்ஸ்பிரஸ். இதற்கும் வேகத்துக்கும் முதலில் தொடர்பில்லை. 'குறிப்பாக, அதற்கென்றே' என்று பொருள். ஒரு செய்திக்கென்றே தனியாக அனுப்பப்படும் தூதன் எக்ஸ்பிரஸ் தூதன். அதுபோல ஒரு ஊருக்கென்றே விட்ட தனி ரயில் எக்ஸ்பிரஸ் ரயில். தனியாக விட்டால் நடுவில் நிற்காது, நிற்காவிட்டால் சீக்கிரம் போகும், இப்படி 1840களில் வேகம் வந்து ஒட்டிக்கொண்டது. எக்ஸ்பிரஸ் என்று போர்டு மாட்டி எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் நம் வண்டிகளை நினைத்தால், இந்தச் சொல்லும் தேய்ந்துகொண்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

திடீர் மாற்றத்தைச் சொல்லும் பெயரடைகளுக்கு இன்னும் விசித்திரமான பூர்விகம். அரசாங்கங்கள் எடுக்கும் 'டிராஸ்டிக்' நடவடிக்கை? 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது கடுமையான பேதி மருந்தைக் குறித்த வைத்தியச் சொல். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான் பொதுப் பொருள். அடுத்த பட்ஜெட்டில் இந்தச் சொல்லைக் கேட்டால் ஞாபகம் வரட்டும். 'எக்ஸ்ப்ளோசிவ்' நாடக மேடையிலிருந்து வந்தது. நடிகன் பிடிக்காவிட்டால் கைதட்டியே அவனை மேடையிலிருந்து விரட்டுவார்கள் ரோமானியர்கள், அதற்கான வினைச்சொல். அந்தச் சத்தம் பின்னாளில் வெடிமருந்துக்குப் போனது. 'மீட்டியோரிக்' வளர்ச்சி என்று புகழ்கிறார்களே, எரிகல் கீழ்நோக்கித்தான் விழும் என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை.

எங்கள் ஆட்கள் அதிகம் கொலை செய்யும் சொல் 'எக்ஸ்போனென்ஷியல்'. கணிதத்திலிருந்து வந்த பெயரடை. இன்று டி.வி. விவாதத்திலிருந்து அப்ரைசல் மீட்டிங் வரை 'ரொம்ப வேகமாக' என்பதற்குப் பதில் இதைத்தான் சொல்கிறார்கள். கணிதத்தில் அது வேகத்தைச் சொல்வதே இல்லை, வளரும் விதத்தைச் சொல்வது. இருக்கும் அளவுக்கு விகிதமாக வளர்ந்தால் எக்ஸ்போனென்ஷியல். 6 சதவீத வட்டியில் பேங்கில் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட்டும் எக்ஸ்போனென்ஷியல்தான், இரட்டிப்பாக 12 வருஷம் ஆகும். லூப்புக்குள் லூப் எழுதிவிட்டு 'கோட் எக்ஸ்போனென்ஷியலா ஸ்லோ ஆகுது' என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 30 பொருள்களுக்கு லூப்புக்குள் லூப் 900 தடவை ஓடும். உண்மையான எக்ஸ்போனென்ஷியல், இரண்டின் 30ஆம் அடுக்கு, 107 கோடியைத் தாண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், நிஜமாகவே தொற்றுநோய் மாதிரி ஒன்று இரட்டித்து இரட்டித்து வரும்போது எச்சரிக்க என்ன சொல் மிச்சம் இருக்கும்? 2020 மார்ச்சில் இந்தக் கேள்வி விளையாட்டாக இல்லை.

கடைசியாக, ஆங்கிலம் வேகத்துக்காக வெளியிலிருந்து வாங்கிய ஒரு சொல். வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க புரோகிராமர். 2001இல் 'அஜைல்' அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவர். அவர் 1995இல், படிப்பவர்களே திருத்தக்கூடிய ஒரு வலைத்தளத்தை உருவாக்கினார். 'க்விக் வெப்' என்று பெயர் வைக்க நினைத்து, அது சாதாரணமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார். ஹொனலுலு விமான நிலையத்தில் ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் பஸ்ஸின் பெயர் அவருக்கு ஞாபகம் வந்தது: விக்கி விக்கி. ஹவாய் மொழியில் விக்கி என்றால் வேகமான, இரட்டித்தால் ரொம்ப வேகமான. நாம் மளமள, கிடுகிடு, விறுவிறு என்று அடுக்குவது போல. இன்று விக்கி என்றால் யாருக்கும் வேகம் நினைவுக்கு வருவதில்லை. எங்கள் ஆபீஸில் அந்தப் பெயரில் ஒரு தளம் இருக்கிறது. அதில் கடைசியாக ஒரு பக்கத்தை யாரோ திருத்தி மூன்று வருஷம் ஆகிறது.